தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை: முகம் மாறிய பிறகு மனசு எப்போது மாறும்?

ஆபரேஷனுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், நடுவில் ஒரு நொடி இசை. தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றி ரீல்ஸிலும் யூடியூபிலும் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. அந்த ஒரு நொடிக்குள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடங்கள் அடங்கியிருக்கின்றன என்பது வீடியோவில் தெரியாது.

அந்த வருடங்களில் எலும்புக்கு என்ன நடக்கிறது என்பதை டாக்டர்கள் விளக்கிவிடுகிறார்கள். மனசுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் பலர் கேட்பதே இல்லை. சிகிச்சை முடிந்தவர்களில் பெரும்பாலானோர், தோராயமாகப் பத்தில் ஒன்பது பேர், திருப்தியாக இருப்பதாகவே பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தத் திருப்திக்குப் போகும் வழி நேர்கோடு இல்லை. நடுவில் பள்ளங்கள் உண்டு. அவை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

இது எந்த ஆபரேஷன்?

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்துவிட்டால் பல் கிளிப் மட்டும் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பல்லைத் தாங்கும் எலும்பையே வெட்டி, நகர்த்தி, சரியான இடத்தில் டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ வைத்துப் பொருத்த வேண்டும். மருத்துவத்தில் இதற்கு ஆர்த்தோக்னாதிக் சர்ஜரி என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, 'க்னாதோஸ்' என்றால் தாடை.

கீழ்த்தாடை அளவுக்கு மீறி முன்னே நீண்டவர்கள், மோவாய் உள்வாங்கியவர்கள், சிரித்தால் ஈறு அதிகம் தெரிபவர்கள், முகம் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள், வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாதவர்கள் எனப் பலவகையினருக்கு இது செய்யப்படுகிறது. பிறவியிலேயே உதடு, அண்ணம் பிளவுபட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மேல்தாடை போதிய அளவு வளராது. அவர்களும் இதில் வருவார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சனைக்காக இரண்டு தாடையையும் முன்னே நகர்த்துவதும் உண்டு.

எலும்பு வளர்ச்சி நின்ற பிறகுதான் பொதுவாக ஆபரேஷன். பெண்களுக்கு 16, 17 வயதுக்குப் பிறகு, ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. அதாவது காலேஜ், முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் வரும் வயசு. இந்த சிகிச்சையின் மனச்சுமையில் பாதி இந்த வயசால் வருவது.

இது புதிய விஷயமும் இல்லை. 1849-ல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்ற டாக்டர், சிறுவயதில் தீக்காயம் பட்டு, அந்தத் தழும்பு இழுத்ததால் கீழ்த்தாடை நீண்டுபோன ஒரு இளம்பெண்ணுக்குச் செய்ததுதான் இந்த வகையில் பதிவான முதல் ஆபரேஷன் என்பார்கள். இன்று செய்யும் முறைக்கு அடித்தளம் போட்டவர் சூரிச்சில் பணியாற்றிய ஹ்யூகோ ஒப்வேகேசர். 1950-களில் அவர் வகுத்த கீழ்த்தாடை வெட்டு முறை, வாய்க்குள்ளேயே செய்யப்படுவதால் முகத்தில் வெளித்தழும்பு இருக்காது.

மனசை எப்படி அளக்கிறார்கள்?

எக்ஸ்ரேயில் பல் பொருந்திவிட்டதா என்று பார்க்கலாம். ஆள் நிம்மதியாக இருக்கிறாரா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அதற்காகவே 2000-ம் ஆண்டில் லண்டனில் சூசன் கன்னிங்ஹாம் குழுவினர் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். மொத்தம் 22 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 88. எண் கூடக் கூட அந்த ஆள் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று அர்த்தம்.

அதில் வரும் விஷயங்களைப் பார்த்தாலே தாடைப் பிரச்சனை ஒருவரின் நாளை எப்படி ஆளுகிறது என்பது புரியும். கடிக்க, மெல்லக் கஷ்டமா? வெளியிடத்தில் சாப்பிடப் பிடிக்கவில்லையா? பக்கவாட்டில் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா? போட்டோ எடுத்தால் ஒதுங்குகிறீர்களா? புதிய ஆட்களைச் சந்திக்கும்போது வாயைக் கையால் மறைக்கிறீர்களா? மற்றவர்களின் பல்லையும் முகத்தையும் உற்று உற்றுப் பார்க்கிறீர்களா? விளையாட்டுக்குச் சொன்னது என்று தெரிந்தும் கிண்டல் மனசைக் குத்துகிறதா?

கடைசிக் கேள்வி தமிழ் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். தெத்துப்பல் என்றால் அழகு, அதிர்ஷ்டம் என்று கொஞ்சுவார்கள். அதே ஆட்கள் எத்துப்பல் என்றால் ஸ்கூலிலிருந்து கல்யாண மண்டபம் வரை பட்டப்பெயர் வைப்பார்கள். சினிமா காமெடியிலும் இது ரொம்ப காலமாக ஓடுகிற சரக்கு.

ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் இந்தக் கேள்வித்தாளை நிரப்பிய பலநாட்டு ஆய்வுகளில் மதிப்பெண் தெளிவாகக் குறைகிறது. அதாவது வாழ்க்கைத் தரம் கூடுகிறது. தோற்றம், மெல்லுதல், நாலு பேரோடு பழகுதல் என எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிகிறது. இதுதான் நல்ல செய்தி. இனி பள்ளங்கள்.

முதல் பள்ளம்: கிளிப் போட்ட காலம்

பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும்: ஆபரேஷனுக்கு முன்பே முகம் கொஞ்சம் மோசமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

காரணம் எளிது. தாடை பொருந்தாதபோது பற்கள் தாமாகவே சாய்ந்து, முடிந்தவரை ஒன்றையொன்று தொட முயன்றிருக்கும். உடம்பு செய்த ஒட்டுவேலை அது. ஆபரேஷனில் எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் அந்த ஒட்டுவேலையை முதலில் கலைத்தாக வேண்டும். கிளிப் போட்டுப் பற்களை நிமிர்த்தும்போது உள்ளே மறைந்திருந்த தாடைக் குறை முழுசாக வெளியே வரும். கீழ்த்தாடை நீண்டவருக்கு இன்னும் நீண்டது போல இருக்கும். முன்பு ஓரளவு கடிக்க முடிந்தவருக்கு இப்போது தோசையைக்கூட முன்பல்லால் பிய்க்க வராது.

இந்தக் கட்டம் பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். இந்த நேரத்தில் வாழ்க்கைத் தர மதிப்பெண் மோசமாவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காசும் கொடுத்து, வலியும் பட்டு, கண்ணாடியில் முன்பைவிட மோசமாகத் தெரிந்தால் யாருக்குத்தான் மனசு ஒடியாது? இது சிகிச்சை தப்பாகப் போவதன் அறிகுறி இல்லை, சிகிச்சையின் ஒரு படி என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டால் நோயாளி பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

இதைத் தவிர்க்க ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளில் முதலில் ஆபரேஷன், பிறகு கிளிப் என்ற முறை பரவியது. அதில் இந்த முதல் பள்ளம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. முகம் உடனே மாறிவிடும். ஆனால் எல்லாத் தாடைக்கும் அது ஒத்துவராது. பற்களின் நிலையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது பள்ளம்: முதல் ஆறு வாரம்

ஆபரேஷன் முடிந்த அடுத்த இரண்டு, மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கன்னம், உதடு, கண்ணுக்குக் கீழே எல்லாம் உப்பிவிடும். அழகாகப் போகிறோம் என்று உள்ளே போனவர், முதல் முறை கண்ணாடி பார்க்கும்போது காண்பது இந்த முகத்தைத்தான். வீக்கத்தில் பெரும்பகுதி இரண்டு, மூன்று வாரத்தில் வடியும். மிச்சம் இருப்பது முழுசாக அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம்.

முன்பெல்லாம் இரண்டு தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி ஆறு வாரம் வாயைத் திறக்கவே விடமாட்டார்கள். பிளேட், ஸ்க்ரூ வந்த பிறகு அந்தக் கொடுமை பெருமளவு குறைந்தது. இப்போது பெரும்பாலும் ரப்பர் பேண்ட் போட்டு வழிநடத்துகிறார்கள். ஆனாலும் சாப்பாடு திரவமாகத்தான். கஞ்சி, பருப்புத் தண்ணி, ராகிக் கூழ், மோர், இளநீர், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய சாதம். உறிஞ்சும் அழுத்தம் காயத்துக்கு ஆகாது என்பதால் ஸ்ட்ரா வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சிரிஞ்ச் வைத்து வாயின் ஓரத்தில் விட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். சில கிலோ எடை குறைவது சாதாரணம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வயிறு நிறையச் சாப்பாடு இல்லை. தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும்; மேல்தாடையில் ஆபரேஷன் என்றால் மூக்கும் அடைத்திருக்கும், தூக்கமும் வராது. பேச்சு குழறும், போனில் பேசினால் எதிராளிக்குப் புரியாது. வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் சிலருக்கு மனநிலையை ஆட்டிவைக்கும். இவ்வளவும் சேர்ந்தால் அழுகை வரும், எரிச்சல் வரும், 'ஏன்டா இதைப் பண்ணிக்கிட்டோம்' என்ற நினைப்பு வரும். முதல் சில வாரங்களில் வரும் இந்தச் சோர்வு பலருக்கும் வரக்கூடியது. உடம்பு தேறத் தேறத் தானாகவே குறைவதும் வழக்கம்.

இந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, ஆள் கூட்டுவது. சொந்தக்காரர்கள் ஆரஞ்சு, ஹார்லிக்ஸோடு வந்து 'ஐயோ, நல்லாத்தானே இருந்த, இதெல்லாம் தேவையா' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஒரு வரி ராத்திரி முழுக்க ஓடும். முதல் மூன்று வாரம் பார்க்க வருபவர்களைக் குறைத்துக்கொள்வது மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து. ஒரு சின்ன வெள்ளைப் பலகையோ நோட்டோ பேனாவோ கையில் இருந்தால், பேசிப் புரியவைக்க முடியாத எரிச்சல் பாதி குறையும்.

எச்சரிக்கை எங்கே? வீக்கம் வடிந்து, சாப்பிட ஆரம்பித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், யாரையும் பார்க்காமல் இருந்தால் அதை 'ஆபரேஷன் அசதி' என்று தள்ளக் கூடாது. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கண்ணாடியில் இருப்பது யார்?

மூன்றாவது பள்ளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. முகம் நன்றாகவே வந்திருக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் கண்ணாடியில் தெரிவது வேறு யாரோ என்று தோன்றும். இருபது வருடம் பார்த்துப் பழகிய முகம் நாலு மணி நேரத்தில் மாறினால், மூளைக்கு அதைப் பழக்கிக்கொள்ள நேரம் வேண்டும். முகம் காட்டித் திறக்கும் போன்கூடச் சிலருக்குத் திறக்காது. அதில் முகத்தை மறுபடி பதிந்துகொள்ளலாம். மனசுக்கு அப்படி ஒரு செட்டிங் கிடையாது.

'அப்பாவோட தாடை அப்படியே இவனுக்கு' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில், அந்தச் சாயல் போனதில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒரு வருத்தம் இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் தெரிந்துவிடும். ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ பரம்பரையின் நீண்ட தாடை தலைமுறை தலைமுறையாக ஓவியங்களில் தெரிவது போல, தாடை குடும்பத்தின் கையெழுத்து. அதை அழிப்பதில் ஒரு சின்ன இழப்பும் இருக்கத்தான் செய்யும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அசுமான் கியாக் என்ற உளவியலாளர் குழு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களை 24 மாதம் வரை தொடர்ந்து கவனித்து 1980-களில் ஆய்வுகளை வெளியிட்டது. ஆரம்பத்தில் ஏறிய தன்மதிப்பு இடையில் ஒரு கட்டத்தில் இறங்கியதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தின் பாராட்டு அடங்கி, கிளிப் இன்னும் வாயில் இருந்து, வாழ்க்கை பழையபடி ஓட ஆரம்பிக்கும் நேரம் அது. 'முகம் மாறிடுச்சு, வேற எதுவும் மாறலையே' என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

உதடு மரத்துப் போனால்?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்ச்சி தருவது அதுதான். எலும்பை வெட்டும்போது அது இழுபடும், நசுங்கும். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் உதடும் மோவாயும் மரத்துப்போவது ரொம்ப சாதாரணம். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். சிலருக்கு ஒரு பகுதி மரத்தே நின்றுவிடும். வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது.

உதடு அசையும், சிரிக்கலாம், பேசலாம். அசைவுக்கான நரம்பு வேறு. ஆனால் சாம்பார் ஒழுகினால் தெரியாது, சூடு தெரியாது, ஷேவிங்கில் கீறினால் தெரியாது, முத்தம் தெரியாது. இதை முன்பே விளக்கமாகக் கேட்டு, ஒப்புக்கொண்டு போனவர்கள் இதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். யாரும் சொல்லவில்லை என்பவர்களுக்கோ முகம் எவ்வளவு நன்றாக வந்தாலும் மனசு ஆறுவதில்லை. ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, உட்கார வைத்துப் பேசுவது வேறு.

யாருக்குத் திருப்தி வருவதில்லை?

ஆபரேஷன் சரியாக நடந்து, பல்லும் பொருந்தி, ஆனால் ஆள் மட்டும் சந்தோஷமாக இல்லை என்பது நடக்கிறது. பெரும்பாலும் காரணம் எதிர்பார்ப்பில் இருக்கும்.

'எனக்குச் சரியா மெல்ல வரணும், போட்டோல நிக்கும்போது கூச்சம் இருக்கக் கூடாது' என்று தனக்காக வருபவருக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 'இது முடிஞ்சா விட்டுப் போனவ திரும்பி வருவா', 'மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க' என்று பிறருக்காக வருபவருக்குக் கஷ்டம். எலும்பை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். மாமியார் மனசை நகர்த்த முடியாது. பிள்ளைக்கு விருப்பமில்லாமல், வரன் அமைய வேண்டும் என்று பெற்றோர் இழுத்துக்கொண்டு வருவது இதில் மிக ஆபத்தான வகை.

இன்னொரு கூட்டம் உண்டு. வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் குறை, ஆனால் தினமும் மணிக்கணக்கில் அதையே நினைப்பது, கண்ணாடியை விட்டு நகராதது, ஒரு டாக்டர் மாற்றி இன்னொரு டாக்டரைப் பார்ப்பது. பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் எனும் இந்த மனநலப் பிரச்சனை பொதுமக்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. அழகு சார்ந்த சிகிச்சை தேடி வருபவர்களிடம் இது இன்னும் அதிகம். இவர்களுக்கு ஆபரேஷன் நிம்மதி தராது. கவலை வேறு இடத்துக்கு மாறும் அல்லது இன்னொரு ஆபரேஷன் கேட்கச் சொல்லும். பேச்சு சிகிச்சையும் மருந்தும்தான் வழி. அதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் தாடை டாக்டர், கிளிப் டாக்டரோடு ஒரு உளவியல் ஆலோசகரையும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் 'எனக்கென்ன பைத்தியமா' என்று கோபப்பட வேண்டியதில்லை.

கொரியா காட்டிய பாடம்

இரட்டைத் தாடை ஆபரேஷன் தென் கொரியாவில் அழகுக்காகவே செய்துகொள்ளும் அளவுக்குப் பிரபலமானது. சியோலின் கங்னம் பகுதியில் ஒரு கிளினிக், வெட்டியெடுத்த தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரத்தில் அடுக்கி விளம்பரத்துக்கு வைத்து, 2014-ல் சர்ச்சையாகி நடவடிக்கைக்கு உள்ளானது. 2016-ல் தாடைக்கோட்டை மெலிதாக்கும் ஆபரேஷனில் ரத்தப்போக்கு ஏற்பட்டு ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். அவரது தாயின் நீண்ட போராட்டமும் சேர்ந்து, மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் அறைகளில் சிசிடிவி கட்டாயம் என்ற சட்டம் 2021-ல் நிறைவேறி 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். பல் பொருத்தத்துக்காகத் தாடையை நகர்த்துவது ஒன்று. முகவெட்டு 'வி' வடிவில் இருக்க வேண்டும் என்று எலும்பைச் சீவுவது இன்னொன்று. இன்ஸ்டாவில் இரண்டும் ஒரே ஹேஷ்டேக்கில் வரும்.

போகும் முன் என்ன கேட்கலாம்?

முதல் கேள்வி டாக்டரிடம் இல்லை, தன்னிடம்: இது யாருக்காக? அடுத்தது டாக்டரிடம்: எனக்கு உதடு மரத்துப்போகும் வாய்ப்பு எவ்வளவு, இதுவரை நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேருக்கு நின்றுவிட்டது? தாடை கொஞ்சம் பழைய இடத்துக்கே திரும்புமா? மொத்தம் எத்தனை மாதம் கிளிப்? கம்ப்யூட்டரில் காட்டும் 'இப்படி வருவீர்கள்' படம் வெறும் கணிப்புதானே? ஏற்கெனவே இதைச் செய்துகொண்ட ஒருவரிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்வி ரொம்ப உதவும்.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அரியர் எக்ஸாமுக்கு முன்பு, புது வேலையில் சேர்ந்த மாதத்தில் இதை வைத்துக்கொள்ளக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு முகத்தைத் தயார் செய்யும் ஆபரேஷன் இது இல்லை.

இன்சூரன்ஸில் 'அழகு சிகிச்சை', 'பல் சிகிச்சை' என்று சொல்லி மறுப்பது அடிக்கடி நடப்பதால், மெல்லுதல், மூச்சு போன்ற பிரச்சனைகளுக்கான மருத்துவக் காரணத்தை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. தனியாரில் செலவு தாங்காது என்பவர்கள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாய், முக, தாடை அறுவை சிகிச்சைத் துறையில் ஆலோசனை பெறலாம்.

ஆபரேஷனுக்கு முன்போ பின்போ மனசு தாங்கவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். தாடையைத் திறந்து பேச முடியாத நாட்களில் வீட்டில் ஒருவர் நோயாளிக்காக அழைத்துப் பேசலாம்.